விஆர் கியாஸ்க்கில் வெறும் கை: சைகை வேண்டாம், தொட்டால் போதும்

நீங்கள் கேட்டது இது: ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளைப் பற்றி விஆர் (ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகம்) தகவல் கியாஸ்க் ஒன்று வைக்கப் போகிறீர்கள். கையில் பிடித்து இயக்கும் கன்ட்ரோலர் கிடையாது, பார்வையாளர் வெறும் கையால்தான் எல்லாம் செய்ய வேண்டும். அதற்காக ஒன்பது சைகைகள் யோசித்து வைத்திருக்கிறீர்கள். அடுத்த சிலைக்குப் போகக் கையை வீச வேண்டும், நிறுத்த உள்ளங்கையைக் காட்ட வேண்டும், சுழற்றச் சிலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும், பெரிதாக்க இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும், வெளியேறக் கட்டைவிரலை உயர்த்த வேண்டும், இப்படி. இவை இயல்பாக இருக்கின்றனவா, இன்னும் எதைச் சேர்க்கலாம் என்பது கேள்வி.

என் பதில்: ஒன்பதையும் எடுத்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை மட்டும் வையுங்கள். அது தொடுவது.

வீட்டுக்கு ஹெட்செட் வாங்கியவர் முதல் நாள் தடுமாறினாலும் பத்தாம் நாள் பழகிவிடுவார். அருங்காட்சியகத்துக்கு வருபவருக்குப் பத்தாம் நாள் என்று ஒன்று கிடையாது. மூன்று நிமிஷம் மாட்டிக்கொள்வார், கழற்றிக் கொடுப்பார், போய்விடுவார். பின்னால் வரிசை நிற்கும். கூட வந்த குழந்தை "அம்மா, எனக்கு" என்று இழுத்துக்கொண்டிருக்கும். அந்த மூன்று நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம் சைகைப் பாடம் நடத்திவிட்டால், சிலையைப் பார்க்க என்ன மிஞ்சும்? அதுவும் ஒன்பதில் ஐந்தாவதைக் கற்றுக்கொள்ளும்போது முதல் இரண்டும் மறந்திருக்கும்.

"இயல்பான சைகை" என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை யாரோ கற்றுக் கொடுத்து வந்தவைதான். வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நார்மன் 2010-லேயே இதை வெளிப்படையாக எழுதினார்: இயல்பான இடைமுகங்கள் என்று அழைக்கப்படுபவை இயல்பானவை அல்ல என்றார். நம் ஊரில் இதைப் புரிய வைப்பது இன்னும் சுலபம். பரதத்தில் ஒற்றைக் கை முத்திரைகள் மட்டுமே 28. மேடையில் பார்க்கும்போது பூவும் மானும் தன்னால் மலர்ந்து ஓடுவது போலத் தெரியும். ஆடுபவருக்கு அது வருஷக்கணக்கான சாதகம். மைக்ரோசாஃப்டும் இந்த இடத்தில் ஒருமுறை இடறியது. 2016-இல் வந்த அவர்களுடைய தலையில் மாட்டும் கருவியான முதல் ஹோலோலென்ஸில் முதன்மை மெனுவைத் திறக்க, உள்ளங்கையை மேலே வைத்து ஐந்து விரல் நுனிகளையும் குவித்து, பூ மலர்வது போல விரிக்க வேண்டும். பார்க்க அழகுதான். ஆனால் சொல்லிக் கொடுக்காமல் ஒருவர் தானாக அதைச் செய்ய வழியே இல்லை. 2019-இல் வந்த ஹோலோலென்ஸ் 2-இல் அதைக் கைவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சின்னத்தைக் காட்டி, மற்றக் கையின் விரலால் அதைத் தொட வைத்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள், அதைத் தொடுகிற விரல். அவர்களும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

கைக்குத் தெரிந்ததெல்லாம் பொருள்கள்தான். காலிங் பெல்லை அழுத்தத் தெரியும், கதவைத் தள்ளத் தெரியும், சக்கரத்தைச் சுற்றத் தெரியும், டார்ச்சை எடுத்து நீட்டத் தெரியும். காற்றில் குறி வரைவது அந்த வகையில் சேராது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது சைகைகளை உருவாக்குவதல்ல, கை ஏற்கெனவே அறிந்த பொருள்களை விஆருக்குள் கொண்டுவந்து வைப்பது. 2009-இல் ஆய்வாளர் ஜேக்கப் வாப்ராக்கும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். தொடுமேசை ஒன்றில் 27 வேலைகளின் விளைவை மட்டும் காட்டி, "இது நடக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று 20 சாதாரண ஆட்களைக் கேட்டார்கள். மொத்தம் 1080 சைகைகள் கிடைத்தன. அதில் இரண்டு முடிவுகள் நமக்கு முக்கியம்: எத்தனை விரல் பயன்படுத்துகிறோம் என்பதை மக்கள் பெரிதாகக் கவனிப்பதில்லை, இரண்டு கையைவிட ஒரு கையையே விரும்புகிறார்கள். இரண்டு விரலுக்கு ஓர் அர்த்தம், மூன்று விரலுக்கு வேறு அர்த்தம் என்று வைக்கிற திட்டங்களெல்லாம் இங்கேயே அடிபட்டுப் போகின்றன.

சிலையைச் சுழற்றும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன். ஒரு கண்காட்சிக்காக நாங்கள் செய்த முதல் மாதிரியில் நடராஜர் திருமேனியைக் கையால் பிடித்துத் திருப்பும்படி வைத்திருந்தோம். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். ஹெட்செட்டை மாட்டியதும் எதிரே ஆளுயரத்தில் நடராஜர். அவர் முதலில் செய்தது இரண்டு கையையும் கூப்பியதுதான். அந்த நொடியே படத்தில் அவருடைய ஒரு கை காணாமல் போனது. இரண்டு கைகள் ஒட்டிக்கொண்டால் எது எந்தக் கை என்று ஹெட்செட்டில் இருந்து கையைக் கவனிக்கும் கேமராவால் பிரித்தறிய முடிவதில்லை. அப்புறம் எங்கள் உதவியாளர், "சிலையைப் பிடிச்சுத் திருப்புங்கம்மா" என்றார். அவர் கை பாதித் தூரம் போய் நின்றது. "சாமியைப் போய் எப்படிப்பா பிடிச்சு உருட்டறது?" என்று கேட்டுவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை கவனித்தோம். வயதானவர்கள் மட்டுமில்லை, கல்லூரிப் பிள்ளைகளிலும் பலர் திருமேனியின் உடம்பில் கை வைக்கத் தயங்கினார்கள்.

மறுநாள் பீடத்துக்கு அடியில் ஒரு வட்டப் பலகையை வைத்தோம், குயவர் சக்கரம் மாதிரி, விளிம்பு தடித்து, மரத்தின் ரேகை தெரியும்படி. விளிம்பில் விரல் பட்டால் தள்ளிய பக்கம் சுழலும், விட்டால் வேகம் மெல்லக் குறைந்து நிற்கும். எழுத்தில் எந்தக் குறிப்பும் கொடுக்கவில்லை. வந்தவர்கள் தாங்களாகவே தள்ளினார்கள். இறைவனைத் தொடாமல் பின்பக்கச் சடையும் திருவாசியும் பார்க்க முடிந்தது. ஒரு விரலால் தள்ளினாலும் சரி, உள்ளங்கையால் தள்ளினாலும் சரி, முஷ்டியால் இடித்தாலும் சரி, சக்கரம் சுழன்றது. கைவடிவத்தை மென்பொருள் அடையாளம் காணத் தேவையே இல்லாமல் போனது, அதனால் தவறாக அடையாளம் காண்பதும் நின்றது.

பெரிதாக்குவதற்கும் சைகை எதற்கு? விஆரில் கிட்டப் போய்ப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினால் முகத்தின் நுணுக்கம் தெரிகிற தூரத்தில் திருமேனியை வையுங்கள், வேலை முடிந்தது. கையை வீசி அடுத்ததற்குப் போவதில் வேறொரு தொல்லை இருக்கிறது. வலமிருந்து இடமாக வீசிய கை திரும்பி வர வேண்டுமே. திரும்பி வருவதையும் மென்பொருள் ஒரு வீச்சாக எடுத்துக்கொண்டு பழைய சிலைக்கே போய்விடும். அதற்குக் காரணம் கண்டுபிடித்துத் திருத்தி நாட்களைக் கழிப்பதற்குப் பதில், "அடுத்தது" என்று ஒரு பொத்தான் வையுங்கள்.

பொத்தான் என்றதும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. உழைப்பு முழுக்க அங்கேதான். காற்றில் இருக்கும் பொத்தான் விரலைத் தடுக்காது. விரல் பாட்டுக்குப் புகுந்து மறுபக்கம் போய்விடும், அழுந்தியதா இல்லையா என்று தெரியாது. தொடு உணர்வு இல்லாத குறையைக் கண்ணாலும் காதாலும் ஈடுகட்ட வேண்டும். பொத்தானுக்குக் கண்ணுக்குத் தெரிகிற கனம் கொடுங்கள், இரண்டு செ.மீ. போதும். விரல் நெருங்கும்போதே விரலின் நிழல் அதன்மேல் விழட்டும். எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நிழலைப் போல வேறெதுவும் சொல்லாது. விரல் பட்டதும் பொத்தான் விரலோடு சேர்ந்து உள்ளே போகட்டும். முக்கால் பங்கு போனதும் "டக்" என்று சத்தம், அதே கணம் நிறம் மாற வேண்டும். சத்தம் தாமதித்தால் இரண்டாம் முறை அழுத்துவார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தட்டுப்படுவதில்லை. அழுந்தும் புள்ளியும் விடுபடும் புள்ளியும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்றாக இருந்தால் விரல் லேசாக நடுங்கினாலும், கேமராவின் கணிப்பு ஓரிரு மில்லிமீட்டர் ஆடினாலும், டக் டக் டக் என்று மூன்று சிலைகள் தாண்டிவிடும். பாதி வரை வெளியே வந்த பிறகே விடுபட்டதாகக் கணக்கில் எடுங்கள். அதே போல, முன்பக்கமிருந்து வரும் விரலை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். தவறிப் பின்னால் போன கை திரும்பி வரும்போது பொத்தானைத் தட்டினால் ஒன்றும் நடக்கக் கூடாது. அளவைப் பொறுத்தவரை, 45 செ.மீ. தூரத்தில் குறைந்தது 1.6 செ.மீ. பக்கமுள்ள இலக்கு வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை. அது பழகியவர்களுக்கு. பொது இடத்துக்கு நான் 6 செ.மீ. பொத்தான்தான் வைக்கிறேன், இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் 3 செ.மீ. இடைவெளி விட்டு. ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் வேண்டாம்.

முதல் திரை மொழித் தேர்வாக இருக்கட்டும். தமிழ், ஆங்கிலம், இந்தி என்று மூன்று பெரிய பொத்தான்கள். இதில் இரண்டு காரியம் ஒன்றாக முடிகிறது: மொழியைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடவும் கற்றுக்கொள்கிறார், பாடம் நடந்ததாகவே அவருக்குத் தெரியாது. ஆறு விநாடி எதையும் தொடாமல் நின்றால் மங்கலான ஒரு கை தோன்றி ஒரு பொத்தானை அழுத்திக் காட்டட்டும். எழுதிப் போடாதீர்கள், காட்டுங்கள்.

(எழுத்து என்றதும் ஒரு விஷயம். விஆர் நிரல்களை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில், எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ தமிழைச் சரியாகக் கோக்காது. "கெ" என்று எழுதினால் கொம்பு "க"வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளை முன்கூட்டியே வரிசை மாற்றிக் கொடுக்க வேண்டும், அல்லது தலைப்புகளைப் படமாகவே செய்து வைக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் இரவு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை. ணை, ளூ, ழு போன்ற எழுத்துகள் ஹெட்செட்டில் குழம்பித் தெரியும் என்பதால் ஆங்கிலத்தைவிடப் பெரிய அளவில் எழுதுங்கள்.)

அடுத்து, பொத்தான்களை எங்கே வைப்பது? கண்ணுக்கு நேரே வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். மனிதனின் ஒரு கை உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவர் கையை நீட்டி நிற்பது மூன்று கிலோவைத் தூக்கிப் பிடித்து நிற்பதற்குச் சமம். செங்குத்தான தொடுதிரைகள் வந்த காலத்திலேயே இந்தக் கைவலிக்கு "கொரில்லா கை" என்று பேர் வைத்துவிட்டார்கள். மனிடோபா பல்கலைக்கழகத்தில் 2014-இல் இதை அளந்து பார்த்தபோது, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில், முழங்கை மடங்கிய நிலையில் வேலை செய்வதுதான் குறைவாகக் களைக்க வைக்கிறது என்று வந்தது. ஆகவே பொத்தான்களை மார்புக்குக் கீழே, உடம்பிலிருந்து 40 முதல் 45 செ.மீ. தூரத்தில், கணக்குப்பிள்ளை மேசை போலச் சரிவாக வையுங்கள். சிலை கண்ணுக்கு நேரே, பொத்தான்கள் கைக்குக் கீழே. மிகவும் கீழே இறக்கிவிடாதீர்கள். கேமரா ஹெட்செட்டில் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே போன கை அதன் பார்வையிலிருந்து நழுவிவிடும்.

உயரத்தை நிலையாக வைக்கவே கூடாது. மாட்டியதும் ஹெட்செட் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியும். இரண்டு விநாடி பார்த்துவிட்டு, அந்தக் கண் உயரத்தை வைத்து மேசையைப் பொருத்திப் பூட்டிவிடுங்கள். தலையோடு கூடவே நகர விடாதீர்கள், குனிந்து பார்த்தால் மேசையும் குனியும், எரிச்சலாக இருக்கும். பள்ளிக்கூடப் பையனுக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இந்த ஒரே கணக்கு சரியாக வரும். ஹெட்செட்டை மாட்டி வைக்கும் கொக்கியின் உயரத்தையும் மறக்க வேண்டாம். கைக்கு எட்டும் உயரம் 48 அங்குலம், அதாவது சுமார் 122 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்காவின் 2010 மாற்றுத்திறனாளிகள் அணுகல் தரநிலை. நம் இடத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

தொடுவதை மட்டும் வைப்பதில் எனக்குப் பிடித்த இன்னொரு வசதி: மேசைக்கு வெளியே கை என்ன செய்தாலும் ஒன்றும் நடக்காது. நாம் பேசுவதே கையால்தான். பக்கத்தில் இருப்பவரிடம் "இங்க பாரேன்" என்று கையை ஆட்டுவோம், கண்ணாடியைச் சரிசெய்வோம், முந்தானையை இழுத்துச் செருகுவோம். ஒவ்வோர் அசைவையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் கருவி பைத்தியம் பிடித்தது போல நடந்துகொள்ளும். தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் அரசன் கதையை வைத்து, ஆய்வாளர் ராபர்ட் ஜேக்கப் 1990-வாக்கிலேயே இதற்கு "மைதாஸ் தொடுகை" என்று பேர் வைத்தார். அவர் பேசியது கண் அசைவைப் பற்றி. கைக்கும் அதே கதைதான். 2010-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் உடலசைவு கேமராவான கினெக்ட், பொத்தானின் மேல் கையை அசைக்காமல் சிறிது நேரம் வைத்திருந்தால் தேர்ந்தெடுத்ததாக எடுத்துக்கொண்டது. கை வலிக்கும், யோசித்து நின்றாலும் தேர்வாகிவிடும். 2013-இல் கணினிக்கான கினெக்ட் மென்பொருள் தொகுப்பில் கையை முன்னால் தள்ளி அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

சிட்டிகை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்ப்பது. 2019 டிசம்பரில் குவெஸ்ட் ஹெட்செட்டில் கை உணர்தல் வந்ததிலிருந்து 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ ஹெட்செட் வரை அதன்மேல்தான் நிற்கின்றன. நல்ல சைகைதான், விரல் விரலைத் தொடுவதால் தொடு உணர்வும் கிடைக்கிறது. வைக்க ஆசையாக இருந்தால் ஓர் இடத்தில் வையுங்கள்: மேசை ஓரத்தில் ஒரு சிறு டார்ச், எடுத்து நீட்டினால் திருமேனியின் மேல் வெளிச்சம் விழும். எடுக்கத் தெரியாதவர் எதையும் இழக்கக் கூடாது. அதைச் சொல்லிக் கொடுக்கும்போது "பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் இணைக்கவும்" என்று சொன்னால் விழிப்பார்கள். "ஒரு சிட்டிகை உப்பு எடுக்கிற மாதிரி" என்று சொல்லுங்கள், கை தானாக வந்துவிடும்.

எல்லாம் ஒரே கையால், எந்தக் கையானாலும் முடிய வேண்டும். மற்றக் கையில் பை இருக்கும், செல்போன் இருக்கும், குழந்தையின் கை இருக்கும். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. கொண்டை போட்டு மல்லிகைப் பூ வைத்திருக்கும் பெண்கள் பின்பட்டையை இறுக்க விரும்புவதில்லை, ஹெட்செட்டைக் கையாலேயே முகத்தில் பிடித்துக்கொள்வார்கள். இவர்களை வற்புறுத்தாமல் வடிவமைப்பை அதற்கேற்ப மாற்றுங்கள். முடிந்தால் பட்டையே இல்லாமல் கைப்பிடி வைத்து, மேலிருந்து எதிரெடை போட்ட கம்பியில் தொங்கவிடுங்கள். இது புது யோசனை இல்லை. 1990-களின் தொடக்கத்தில் ஃபேக்ஸ்பேஸ் நிறுவனத்தின் பூம் கருவி, எதிரெடை போட்ட கம்பியின் நுனியில் கண்பெட்டியை நிறுத்தியது. முகத்தைக் கொண்டுபோய் வைத்தால் போதும். ஆள் மாறும்போது துடைப்பதும் சுலபம்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெயில் நேரடியாக விழும் ஜன்னல் பக்கம் வேண்டாம். வெயிலில் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் அகச்சிவப்பு கேமராக்கள் திணறும். குவெஸ்ட் வைப்பதானால் அமைப்புகளில் விளக்கு அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள், நம் மின்சாரம் அதுதான். கை நிறைய வளையல், கல் மோதிரம், விரல் வரை வரும் சட்டைக் கை, அடர்ந்த மருதாணி என்று எல்லா வகைக் கைகளையும் முன்கூட்டிச் சோதியுங்கள். திரையில் காட்டும் கை, ஆண் கை பெண் கை என்றில்லாமல், ஒளி ஊடுருவும் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். எந்த நிறத்தவருக்கும் வயதினருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது.

வரிசையில் நிற்பவர்களை மறந்துவிடாதீர்கள். உள்ளே தெரிவதை வெளியே ஒரு டிவியில் காட்டுங்கள், கை உட்பட. முன்னால் போனவர் சக்கரத்தைத் தள்ளுவதைப் பார்த்தவர் தன் முறை வரும்போது நேராகச் சக்கரத்துக்கே போகிறார். ஒரு கூட்டம் கூடினால் அதைப் பார்த்து மேலும் கூட்டம் வருவதை, பெரிய பொதுத் திரைகளை ஆராய்ந்த பிரிக்னல், ரோஜர்ஸ் இருவரும் 2003-இல் "தேன்குடம்" என்று எழுதினார்கள். ஆனால் டிவியை உள்ளே இருப்பவரின் முகம் தெரியாத பக்கமாகத் திருப்பி வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நாலு பேர் முன்னால் கையை ஆட்டுவது நம்மில் பலருக்குக் கூச்சம். கையை மேசை உயரத்துக்குள் அடக்கி வைத்ததில் அந்தக் கூச்சமும் பெரும்பாலும் போய்விடுகிறது.

இதையெல்லாம் நிரலாக எழுதுவதற்கு முன்னால், ஒரு சரிவான அட்டையில் பொத்தான்களை வரைந்து, உண்மையான சுழல்பலகை ஒன்றின்மேல் ஒரு பொம்மையை வைத்து, அருங்காட்சியக வாசலில் ஐந்து பேரை நிறுத்திப் பாருங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள், கை எங்கே போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை. நாங்கள் இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த அம்மாவைச் சங்கடப்படுத்தியிருக்க மாட்டோம்.

கடைசியாக, வெளியேறக் கட்டைவிரல். அது வேண்டாம். கழற்றுவதுதான் வெளியேறுவது. ஹெட்செட்டின் உள்ளே இருக்கும் சென்சார், கழற்றியதைச் சொல்லிவிடும். உடனே முதல் திரைக்குப் போய்விடாமல் ஐந்து விநாடி பொறுக்கட்டும், ஏனென்றால் நடுவில் சற்று உயர்த்திப் பக்கத்திலிருப்பவரிடம் ஏதாவது சொல்லிவிட்டு மறுபடி மாட்டுவார்கள். ஐந்து விநாடிக்குள் மாட்டினால் விட்ட இடத்திலேயே நடராஜர் நிற்கட்டும். தாண்டினால் மொழித் திரை, புது உயரம், அடுத்த ஆள்.